எங்கள் வீட்டுப் பெண் டியூஷன் போனதில்லை

"மிஸ் உத்திரமேரூர்! யாரும்மா இங்க மிஸ் உத்திரமேரூர்? வெளிய வாங்க!"

தபால்காரர் முனுசாமியின் குரல். நான் கூடத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டினேன் என்பதைவிட, அவள் துப்பியதை வழித்து வழித்து அவள் வாய்க்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. வைகாசி வெயில் வாசலில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பாப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

"இன்னாம்மா இது, ஊருக்கே லெட்டர் வந்துகீது! 'மிஸ் உத்திரமேரூர், உத்திரமேரூர்'னு போட்டுகீறான். பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுத்துடலாமான்னு பாத்தேன். அப்பால ஸ்டாம்பப் பாத்தேன். அமெரிக்கான்னா உங்க வூடுதானே?"

நீளமான வெள்ளை உறை. வாங்கியவுடன் மூலையில் என் கட்டை விரல் கேழ்வரகு நிறத்தில் பதிந்துவிட்டது. ஐயோ, கறை பட்டுவிட்டதே, இதைக் காரணம் காட்டிக் கல்லூரியில் இடம் தர மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் பதறினேன். அவர்கள் அனுப்பிய கடிதம், அவர்கள் திரும்பப் பார்க்கப்போவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நான் அப்படித்தான். எனக்குக் கவலை முதலில் வரும், அறிவு அடுத்த பஸ்ஸில் வரும்.

கடிதம் கோகிலாவுக்கு. என் கணவரின் தங்கை. சென்னையில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு வந்திருந்தாள். அன்று காலைதான் அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போயிருந்தாள்.

உறையை எடை பார்த்தேன். ஒல்லியாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து உறை தடியாக வந்தால் 'வா' என்று அர்த்தம், ஒல்லியாக வந்தால் 'வராதே' என்று அர்த்தம் என்பது கோகிலாவின் விடுதித் தோழிகள் சொல்லிவைத்த சாஸ்திரம்.

நைனாவின் வாக்கு

என் மாமனாரைக் கோகிலாவும் என் கணவரும் நைனா என்று கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாமா. நிலம், கிணறு, வேர்க்கடலை என்று இருப்பவர். பேச்சு பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. கோகிலா மேற்படிப்புக்கு அமெரிக்கா போகவேண்டும் என்று முதன்முதலில் வாய் திறந்தபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பிளேன் டிக்கெட்டு நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல என்னால ஆவாது. எந்தக் காலேஜாவது உன்னக் கூப்பிட்டு, சோறும் போட்டு, சும்மா படிக்க வெக்கிறேன்னு ஆடி பொறக்கறதுக்குள்ள சொல்லட்டும். உங்கம்மாவும் வாயத் தொறந்து சரின்னு சொல்லட்டும். ரெண்டும் நடந்தா உன் இஷ்டம். நடக்கலன்னா மதுராந்தகத்துப் பையனுக்கு ஆவணியில முகூர்த்தம். இன்னா சொல்ற?"

"சரி நைனா" என்றாள் கோகிலா. வேறென்ன சொல்ல?

மதுராந்தகத்துப் பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நல்ல வேலை, நல்ல குடும்பம். ஒரே ஒரு பஜ்ஜியை எடுத்து, அதையும் பாதியில் வைத்துவிட்டு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குறை சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய தொல்லை.

அத்தையோ, அதாவது என் மாமியார், இந்த விஷயத்தில் ஒரு சொல் பேசவில்லை. அமெரிக்கா என்ற சொல் காதில் விழுந்தால் முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிடுவார். பேச்சு நீண்டால் முறத்தின் சத்தமும் ஏறும். அந்த வருஷம் எங்கள் வீட்டு அரிசியில் கல் என்பதே கிடையாது.

கத்திரிக்காய்க் கூடையும் கொசுறும்

அப்போது கோகிலா படிப்பை முடிக்கவில்லை, விடுமுறைகளில்தான் வீட்டுக்கு வருவாள். சென்னையில் அமெரிக்கர்கள் நடத்திய நூலகம் ஒன்று இருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். கைக்குழந்தையோடு என்னை விடுவார்களா என்று பஸ் ஏறியதிலிருந்து பயந்தேன். விட்டார்கள். பாப்பா அந்தக் குளிரில் கோகிலாவின் தோளிலேயே தூங்கிப்போனாள்.

அங்கே கல்லூரிகளைப் பற்றிய ஒரு புத்தகம். செங்கல்லைப் போலக் கனம். ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே வருஷச் செலவு போட்டிருந்தது. எது மலிவோ அதைத் தேடிக் கோகிலா விரல் வைக்க, நான் விலாசம் எழுதிக்கொண்டேன். ஊருக்கு வந்து எல்லாவற்றுக்கும் கடிதம் போட்டோம்.

கைநிறையப் பதில் வந்தது. எல்லாம் ஒரே பதில்தான். 'எங்கள் கட்டணம் குறைவுதான். ஆனால் அது எங்கள் மாகாணத்துப் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டவருக்கு உதவித் தொகை தர எங்களிடம் வழியில்லை.' கூடவே பளபளவென்று படப் புத்தகங்கள். எதிர்வீட்டுக்காரம்மா ஒன்றைப் புரட்டிவிட்டு, "இன்னாடி கோகிலா, ஊரு பூரா இலவம்பஞ்சு காய வெச்சுகீறாங்க!" என்றார். பனி என்று கோகிலா சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

கோகிலா சோர்ந்துபோனாள். எனக்கு விடை கிடைத்தது சந்தையில். மலிவாகக் கத்திரிக்காய் விற்றவரிடம் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டேன். "இந்த வெலைக்கு அது வேறயா?" என்று எரிந்து விழுந்தார். பக்கத்தில் விலை கூடச் சொன்னவரோ, வாங்குவதற்கு முன்பே கறிவேப்பிலை, கொத்தமல்லி, இரண்டு பச்சைமிளகாய் என்று பாப்பாவின் கையில் திணித்துவிட்டார்.

வீடு வரும் வழியெல்லாம் இதைச் சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்தேன். எம்.எஸ்ஸி. படிக்கிற பெண்ணிடம் கத்திரிக்காயைப் பற்றிப் பேசினால் சிரிக்கமாட்டாளா? கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நாம வெலைய மட்டும் பாக்கறோம் கோகிலா. கொசுறு யாரு குடுப்பாங்கன்னு பாக்கவே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளினாள். "அண்ணி! நாளைக்கே மெட்ராஸ் போறோம்!"

அடுத்த முறை செலவு போட்டிருந்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டோம். யார் எவ்வளவு பேருக்கு உதவி தருகிறார்கள் என்பதை மட்டும் பார்த்தோம். கண்ணைக் கட்டும் கட்டணம் கேட்கும் கல்லூரிகளில் சில, வேண்டியவர்களுக்கு அதை முழுக்கவே தள்ளிக்கொடுத்தன. அப்படிக் கொசுறு தரும் கல்லூரிகளாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கினோம்.

பாப்பா தின்ற கல்லூரி

இதில் ஒரு சிக்கல். முத்திரை வைத்த மதிப்பெண் நகல்கள் நாலுதான் கோகிலாவுக்குக் கிடைத்திருந்தன. எந்த நாலு கல்லூரிக்கு அனுப்புவது?

எங்கள் ஊர்க் கோயில் சுவரில், அந்தக் காலத்தில் குடத்தில் ஓலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த முறையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, இந்த ஊரில் எதிலாவது ஒரு முடிவு தெரியவில்லை என்றால் யாராவது ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாமாவும் கொண்டுவந்தார்.

"சீட்டு எயுதிப் போடு. சின்னப் புள்ளதான் எடுக்கணும், அதான் மொற" என்று பாப்பாவைக் குடத்தருகே உட்கார வைத்தார்.

பாப்பா மூன்று சீட்டுகளை நல்லபடியாக எடுத்துக் கொடுத்தாள். நான்காவதை எடுத்தாள், எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள், வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, காகிதம்! மை!" என்று நான் அலறினேன். விரலை விட்டு நான் வெளியே எடுப்பதற்குள் பாதி கூழாகிவிட்டது. வேறு சீட்டு எடுக்கலாம் என்றேன். மாமா விடவில்லை.

"எடுத்தது எடுத்ததுதான். துப்பினத ஒட்டிப் பாரு, இன்னா காலேஜு?"

ஒட்டிப் பார்த்தோம். நடு அமெரிக்காவில், கண்ணுக்கெட்டிய தூரம் சோளம் விளையும் ஒரு மாகாணத்தில் இருந்த சின்னக் கல்லூரி. சோளம் என்றதும் மாமாவுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குச் சோளக்கொல்லைக் காலேஜ் என்று பெயர்.

விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஓர் இடம் இருந்தது. கோகிலா பேனாவோடு விழித்தாள். நம் ஆட்களுக்கு அப்படி ஒன்று ஏது?

"இதுல இன்னா பேஜாரு?" என்றார் மாமா. "உங்கம்மா பொறந்த ஊர்ல நம்மள உத்திரமேரூராரு குடும்பம்னுதானே சொல்றாங்க? அத்தப் போடு!"

போட்டாள். முனுசாமி பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம்.

டியூஷன்

பங்குனியில் கோகிலா இறுதித் தேர்வுக்காக விடுதியில் இருந்தாள். அப்போது சோளக்கொல்லைக் காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மற்ற மூன்றும் அதற்குள் கையை விரித்துவிட்டிருந்தன. குழு விரைவில் கூடப்போகிறது, உடனே பதில் வேண்டும், தங்கள் குடும்பத்தால் எவ்வளவு 'டியூஷன்' சமாளிக்க முடியும், மீதிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டிருந்தார்கள்.

தேர்வு நேரத்தில் பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது, நாமே எழுதிவிடலாம் என்று மாமா முடிவு செய்தார். நான் பி.ஏ. படித்திருக்கிறேன், கையெழுத்தும் நன்றாக இருக்கும். எனவே எழுதும் வேலை எனக்கு.

எங்கள் ஊரில் டியூஷன் என்றால் ஒன்றே ஒன்றுதான். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் சாயங்காலம் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து குட்டு வாங்குவது. டியூஷன் போகிற பிள்ளை என்றால் மக்கு என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம பொண்ணு எவ்ளோ டியூஷன் தாங்கும்னு கேக்கறானா? மார்க்கு பாத்துக்கினேதானே கேக்கறான்? இன்னா திமிரு!"

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்தியது. ஒரு கல்லூரி இதைப் போய் ஏன் கேட்கவேண்டும்? அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'கற்பித்தல், போதனை' என்று போட்டிருந்தது. என் கணவரிடம் காட்டினேன்.

"அதான் புக்குலயே போட்டுகீதே. அப்பறம் இன்னா? எயுது" என்றார்.

மாமா நடந்துகொண்டே தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் வீட்டுப் பெண் டியூஷன் போனதில்லை. அமெரிக்காவிலும் அவளுக்கு டியூஷன் தேவைப்படாது. அதற்காகத் தாங்கள் எந்த ஏற்பாடும் செய்யவேண்டாம். புரியாததை அவளே உட்கார்ந்து படித்துக்கொள்வாள். தங்கள் கல்லூரியில் படிப்பு வராத பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு அவளே டியூஷன் எடுப்பாள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவள் ஒன்றும் வாங்காமல்தான் சொல்லிக்கொடுக்கிறாள்.'

மாமா அந்தப் பக்கம் போனதும், அடியில் நானாக இரண்டு வரி சேர்த்தேன். 'நான் அவளுடைய அண்ணி. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். நான் சுலபமாகக் கற்றுக்கொள்கிற ஆள் இல்லை. ஆனாலும் அவள் ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை.' சேர்த்தது தப்போ, அடித்துவிடலாமோ என்று யோசித்தேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். ஒட்டி அனுப்பிவிட்டேன்.

தேர்வு முடிந்து கோகிலா வீட்டுக்கு வந்தாள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே, பெருமையாக, இதை அவளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சோப்பு வழுக்கிக் கிணற்றுக்குள்ளேயே போய்விட்டது.

"அண்ணி! அங்கல்லாம் டியூஷன்னா காலேஜ் ஃபீஸு!"

"ஃபீஸா?"

"ஃபீஸுதான்! எவ்ளோ கட்டுவீங்கன்னு கேட்டுகீறான். நீங்க எங்க பொண்ணுக்கு ஃபீஸே தேவையில்லன்னு எயுதிகீறீங்க!"

அப்படியே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது. கோகிலாவும் கல்லில் உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், சிரிப்பு. சிரிப்பு என்றால், மூச்சு முட்டுகிற சிரிப்பு. "படிப்பு வராத புள்ளைங்க இருந்தா அனுப்பி வைன்னு வேற!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அழுகையும் சிரிப்புமாக நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்து, மாடுகூடத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது.

சிரித்து முடித்த பிறகு அவள் சொன்னாள். "நைனாகிட்ட சொல்லாதீங்க அண்ணி. பாவம்."

மறுபடி ஒரு கடிதம் போடலாம் என்றால் குழு அதற்குள் கூடியிருக்கும். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் மதுராந்தகத்துப் பையன் பஜ்ஜியோடு கனவில் வந்தார்.

ஒல்லி உறை

அந்தக் கல்லூரியின் உறைதான் இப்போது என் கையில்.

கோகிலா மில்லிலிருந்து வந்தாள். தலையில் டின், புருவத்திலும் மூக்கிலும் மாவு. என் கையைப் பார்த்ததும் டின்னை இறக்கி வைத்தாள். என் கணவர் சைக்கிளை எடுத்தவர் மறுபடி நிறுத்தினார். மாமா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். அடுக்களையில் முறம் புடைக்கும் சத்தம் சன்னமாகத் தொடங்கியது.

ஒரே ஒரு தாள்தான். கோகிலாவின் கண் அதன்மேல் ஓடியது. மறுபடி மேலே போனது, மறுபடி கீழே இறங்கியது.

"இன்னாம்மா சொல்றான்?" என்றார் மாமா.

அவள் படித்தாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். உங்கள் குடும்பத்தின் கடிதத்தைத் தாவரவியல் துறையில் எல்லோரும் படித்தோம். முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க, கோபித்துக்கொள்ளாத ஒருவர் எங்களுக்குத் தேவை. அந்த வேலையை மிஸ் உத்திரமேரூர் ஏற்றுக்கொண்டால், தங்கவும் சாப்பிடவும் போதுமான சம்பளம் தருவோம். டியூஷன் முழுவதும் தள்ளுபடி.

மாமா தொடையைத் தட்டினார். "பாத்தியா? பாத்தியா? அவளுக்கு டியூஷன் வேணான்னு ஒத்துக்கினான்! எடுத்து எயுதினாதானே அவனுக்கும் தெரியும்!"

நானும் கோகிலாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தீர்ந்தோம். இன்று வரை அவருக்கு உண்மை தெரியாது. இந்த இதழில் அவர் ராசிபலன் பக்கத்தை மட்டும்தான் படிப்பார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் கணவர் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினார். பாப்பா வாங்கிய கூழையெல்லாம் அவர் சட்டையில் திருப்பிக் கொடுத்தாள். அதற்கும் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல், வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்த முனுசாமியும் சிரித்தார்.

அப்போதுதான் அடுக்களையில் முறத்தின் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தோம்.

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. கோகிலா கடிதத்தை நாலாக மடித்தாள். திடீரென்று ரொம்பச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். என்னிடம்தான் கேட்டாள், ஆனால் குரல் அடுக்களைப் பக்கம் போனது.

"அவ்ளோ தூரமாச்சே அண்ணி. நான் போவட்டா?"

வழக்கமான நான் என்றால் இதற்கு ஒரு வாரம் யோசித்திருப்பேன். குளிரை நினைத்திருப்பேன், பிளேனை நினைத்திருப்பேன், மதுராந்தகத்துக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது என்று நினைத்திருப்பேன். அன்று எதுவும் தோன்றவில்லை.

"போ" என்றேன்.

முறத்தோடு அத்தை வெளியே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா விஜயா, படிச்சவதானே நீ? வெள்ளிக்கிழமை அதுவுமா, ஊருக்குப் பொறப்படற பொண்ணப் பாத்து 'போ'ன்னா சொல்லுவாங்க? வாய்ல நல்ல வார்த்த வராது? 'போய்ட்டு வா'ன்னு சொல்லு!"

"போயிட்டு வா கோகிலா" என்றேன்.

ஊருக்குப் புறப்படுகிற பெண். அத்தையே சொல்லிவிட்டார்.

மாமாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது. கோகிலாவின் கன்னத்து மாவில் இரண்டு கோடுகள் இறங்கின. எல்லோரும் தன்னையே பார்ப்பது அத்தைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா, எல்லாம் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறீங்க?" என்று அதட்டினார். "மாவு சூடா கீது. டின்னுலயே கெடந்தா கெட்டுப்பூடும். யாராச்சும் கொட்டி ஆற வையுங்க."